படம் அங்கே, சத்தம் எங்கே? ஒரு கேபிளின் கதை

லேப்டாப்பை டிவியோடு ஒரு எச்.டி.எம்.ஐ கேபிளால் இணைத்தால் படம் டிவிக்குப் போய்விடும். அதில் சந்தேகமே இல்லை. சத்தம்? சில கணினிகளில் கூடவே போகும். சிலவற்றில் லேப்டாப்பின் சின்ன ஸ்பீக்கரிலேயே முனகிக்கொண்டிருக்கும். இன்னும் சிலவற்றில் ஸ்பீக்கரே இல்லாத மானிட்டருக்குப் போய் எங்குமே கேட்காமல் காணாமல் போய்விடும். செமினார் ஹாலில் ஒரு வீடியோ போட்டுக் காட்ட முயன்றவர்களுக்கு இந்த மூன்றில் ஒன்றாவது நிச்சயம் நடந்திருக்கும்.

நொடிக்குக் கோடிக்கணக்கில் கணக்குப் போடும் இயந்திரத்துக்கு இந்தச் சின்ன விஷயம் ஏன் பிடிபடவில்லை? மென்பொருள் எழுதியவர்கள் சோம்பேறிகள் என்று சொல்லிவிடலாம். ஆனால் விஷயம் அது இல்லை. ஒரு ஒயரைச் செருகுவதற்கு என்ன அர்த்தம் என்பதில்தான் சிக்கல். ஹெட்ஃபோனைச் செருகுகிறவர் சத்தத்தைப் பற்றிப் பேசுகிறார்: இனி எனக்கு மட்டும் கேட்கட்டும் என்கிறார். மானிட்டர் கேபிளைச் செருகுகிறவர் படத்தைப் பற்றி மட்டும்தான் பேசுகிறார். சத்தத்தைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. அவர் சொல்லாததை ஊகிக்கப் போய் கணினி பட்ட பாடு ஒரு நல்ல கதை. கதை கணினியில் தொடங்கவில்லை, டெலிபோனில் தொடங்குகிறது.

1878 ஜனவரியில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் நியூ ஹேவன் என்ற ஊரில் வணிக ரீதியிலான முதல் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் திறக்கப்பட்டது. சந்தாதாரர்கள் வெறும் 21 பேர். 21 பேரை ஒருவரோடு ஒருவர் இணைப்பது எளிது. நூறு, ஆயிரம் என்று ஆகும்போது ஆபரேட்டர் கை வேகமாக வேலை செய்ய ஒரு கருவி வேண்டும். அதே ஆண்டில் சார்லஸ் ஸ்க்ரிப்னர் என்பவர் ஒரு ஸ்பிரிங் சுவிட்சுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். ஒரு துளை, உள்ளே ஸ்பிரிங்கால் அழுத்தப்பட்ட ஓர் உலோக நெம்பு. சாதாரண நேரத்தில் அந்த நெம்பு ஓர் இணைப்பைத் தொட்டுக்கொண்டிருக்கும். துளைக்குள் பிளக்கைச் செருகினால் நெம்பு விலகும், பழைய இணைப்பு அறுந்து புது இணைப்பு உண்டாகும். பார்ப்பதற்கு மடக்குக் கத்தி மாதிரி இருந்ததால் அதை ஜாக்-நைஃப் என்றார்கள். இன்றைக்கும் ஹெட்ஃபோன் துளையை 'ஜாக்' என்று சொல்வது அந்தக் கத்தியிலிருந்து வந்ததுதான்!

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். செருகுவதும் மாற்றுவதும் இங்கே ஒரே செயல். நடுவில் முடிவெடுக்க யாரும் இல்லை. பிளக் உள்ளே போனது என்றால் இணைப்பு மாறிவிட்டது, அவ்வளவுதான்.

இதே தந்திரம் பின்னால் ரேடியோவுக்கும் டேப்ரெக்கார்டருக்கும் வந்தது. அளவு மட்டும் கால் அங்குலத்திலிருந்து 3.5 மில்லிமீட்டருக்குச் சுருங்கியது. ஹெட்ஃபோனைச் செருகினால் உள்ளே இருக்கும் தகடு தூக்கப்பட்டு ஸ்பீக்கருக்குப் போகும் இணைப்பு துண்டாகும். பிடுங்கினால் தகடு பழைய இடத்துக்கு வந்து ஸ்பீக்கர் மறுபடி பாடும். ஆனால் தகட்டில் தூசியோ துருவோ படிந்தால், ஹெட்ஃபோனை எடுத்த பிறகும் ஸ்பீக்கர் ஊமையாகவே இருக்கும். பிளக்கைப் பத்துத் தடவை செருகிச் செருகி எடுத்தால் சரியாகும். வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம் இது. (1979-ல் சோனி கொண்டுவந்த முதல் வாக்மேனில் இந்தப் பிரச்சினையே கிடையாது. அதில் ஸ்பீக்கரே இல்லை. பதிலாக இரண்டு பேர் கேட்க இரண்டு ஹெட்ஃபோன் துளைகள் இருந்தன.)

கணினிக்கு வருவோம். 1987-ல் ஐ.பி.எம் தன் பி.எஸ்/2 கணினிகளோடு வி.ஜி.ஏ-வைக் கொண்டுவந்தது. 15 ஊசிகள் கொண்ட அந்த இணைப்பில் சிவப்பு, பச்சை, நீலம் எல்லாம் போகும், ஒலி மட்டும் போகாது. ஒலி தனிக் கட்சி. 1989-ல் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் சவுண்ட் பிளாஸ்டர் அட்டையை வெளியிட்டது. அப்போதும் படத்துக்கு ஓர் அட்டை, ஒலிக்கு ஓர் அட்டை, இரண்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. புரொஜக்டரில் படம் காட்ட ஒரு நீலத்தலைக் கேபிள், சத்தத்துக்குத் தனியாக 3.5 மில்லிமீட்டர் ஒயர். அசௌகரியம்தான். ஆனால் குழப்பம் இல்லை. சத்தம் எங்கே போக வேண்டும் என்று மனிதர் தன் கையால் சொன்னார்.

2004-ல் இன்டெல் 'ஹை டெஃபினிஷன் ஆடியோ' என்ற புதிய விதிமுறையை வெளியிட்டது. அதற்கு முன் 1997-லிருந்து இருந்த ஏ.சி.97-க்கு மாற்று இது. இந்த இடத்தில் சத்தமில்லாமல் ஒரு பெரிய மாற்றம் நடந்தது. ஜாக்கில் இருக்கும் சுவிட்ச் இனிமேல் ஸ்பீக்கரைத் துண்டிக்க வேண்டியதில்லை, செய்தி சொன்னால் போதும். ஒவ்வொரு ஜாக்குக்கும் வெவ்வேறு மதிப்புள்ள ஒரு ரெசிஸ்டர் (5.1, 10, 20, 39.2 கிலோ ஓம்). எல்லாம் ஒரே உணர்வு ஊசியில் வந்து சேரும். மொத்த மின்தடையை அளந்தால் எந்தெந்த ஜாக்கில் பிளக் இருக்கிறது என்று சிப் கண்டுபிடித்துவிடும். கண்டுபிடித்ததை டிரைவருக்குச் சொல்லும். ஸ்பீக்கரை நிறுத்துவதா வேண்டாமா என்பது டிரைவரின் இஷ்டம்.

அதாவது, 126 வருடமாகத் தகடு செய்துகொண்டிருந்த வேலை மென்பொருளின் கைக்குப் போனது. முன்னால் தூசி படிந்தால்தான் கெட்டது. இப்போது டிரைவரில் ஒரு வரி தவறினாலும் கெடும். லினக்ஸ் பயன்படுத்தியவர்களுக்கு அந்தக் காலம் நன்றாகவே நினைவிருக்கும். ஒவ்வொரு லேப்டாப் தயாரிப்பாளரும் ஜாக்குகளை ஒவ்வொரு விதமாக இணைத்திருந்தார்கள். ஹெட்ஃபோன் செருகிய பிறகும் ஸ்பீக்கர் அலறும். லேப்டாப்பின் மாடல் பெயரைக் கர்னலுக்கு ஊட்டினால்தான் அடங்கும்.

இருந்தாலும் ஹெட்ஃபோன் விஷயத்தில் ஊகிக்க ஒன்றுமில்லை. பிளக் வந்தால் சத்தம் அங்கே. இதைச் சரிசெய்துவிடலாம், சரிசெய்தும் விட்டார்கள். தலைவலி கொடுத்தது இன்னொரு கேபிள்.

2002 டிசம்பரில் எச்.டி.எம்.ஐ-யின் முதல் பதிப்பு வந்தது. ஹிட்டாச்சி, பானசோனிக், பிலிப்ஸ், சிலிக்கன் இமேஜ், சோனி, தாம்சன், தோஷிபா என்று ஏழு நிறுவனங்கள் சேர்ந்து செய்தது. ஏழில் பெரும்பாலானவர்கள் டிவி செய்கிறவர்கள் என்பது முக்கியம். அவர்கள் மனதில் இருந்தது டிவிடி பிளேயரும் டிவியும். டிவிடி பிளேயருக்கு ஸ்பீக்கர் கிடையாது. டிவிக்கு உண்டு. ஆகவே படம் போகிற இடத்துக்குத்தான் சத்தமும் போக வேண்டும். இதில் கேள்விக்கே இடமில்லை.

ஒலியை அந்தக் கேபிளில் ஏற்றிய விதம் அழகானது. பழைய பிக்சர் டியூப் டிவியில் எலக்ட்ரான் கற்றை ஒரு வரியை வரைந்து முடித்துவிட்டு அடுத்த வரியின் தொடக்கத்துக்குத் திரும்ப வேண்டும். அதற்குக் கொஞ்சம் நேரம் காலியாக விடுவார்கள். டியூப் போய் தட்டையான திரை வந்த பிறகும் அந்தக் காலி இடைவெளி சிக்னலில் அப்படியே தங்கிவிட்டது. எச்.டி.எம்.ஐ அந்த இடைவெளிகளில்தான் ஒலியைச் சின்னச் சின்னப் பொட்டலங்களாக அனுப்புகிறது. தனி ஒயர் கிடையாது. இல்லாமல் போன ஒரு கற்றைக்காக விட்ட இடத்தில் பாட்டு உட்கார்ந்து பயணம் செய்கிறது!

சரி, கேபிள் செருகியது கணினிக்கு எப்படித் தெரிகிறது? எச்.டி.எம்.ஐ-யில் 19 ஊசிகள். 18-வது ஊசியில் கணினி 5 வோல்ட் தருகிறது. மறுமுனையில் இருக்கும் திரை 19-வது ஊசியில் மின்னழுத்தத்தை உயர்த்தி, 'இருக்கிறேன்' என்று பதில் சொல்கிறது. உடனே கணினி அந்தத் திரையின் ஜாதகத்தைக் கேட்டு வாங்கிப் படிக்கும். ஜாதகத்தின் பெயர் ஈ.டி.ஐ.டி. 1994-ல் வீசா அமைப்பு வகுத்தது, 128 பைட். (பாஸ்போர்ட்டில் குத்தும் விசா இல்லை, கணினித் திரைகளுக்கான தர அமைப்பு.) யார் செய்தது, எத்தனை புள்ளி, எந்த வேகம் என்று எல்லாம் அதில் இருக்கும். ஒலியைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. 1994-ல் மானிட்டர் கேபிளில் ஒலி போகும் என்று யார் நினைத்தார்கள்? பிறகு டிவிக்காரர்கள் இன்னொரு 128 பைட்டைப் பின்னிணைப்பாகச் சேர்த்தார்கள். எந்த வகை ஒலி, எத்தனை சேனல், எந்தெந்த வேகம் என்பதை வகைக்கு மூன்று பைட் வீதம் அது சொல்லும்.

சிக்கலின் வேர் இந்த மூன்று பைட்டில்தான் இருக்கிறது. 'இந்த ஒலியை வாங்கிக்கொள்ள எனக்குத் தெரியும்' என்று அது சொல்கிறது. 'என்னிடம் ஸ்பீக்கர் இருக்கிறது' என்று சொல்லவில்லை. மானிட்டரின் முதுகில் வெறும் ஹெட்ஃபோன் துளை மட்டும் இருந்தாலும் அதே மூன்று பைட்தான் வரும். அந்தத் துளையில் ஒன்றும் செருகியிருக்காவிட்டாலும் அதேதான். ஆயிரம் ரூபாய்க்கு ஸ்பீக்கர் வாங்கி லேப்டாப்பில் மாட்டி வைத்திருப்பவருக்கும், ஸ்பீக்கரே இல்லாதவருக்கும் கணினி பார்க்கிற காட்சி ஒன்றுதான்.

டிவிக்காரர்களின் கேபிள் கணினிக்குள் வந்தபோது இன்னொரு குழப்பமும் கூடவே வந்தது. கிராபிக்ஸ் அட்டைக்கு ஒலி என்றால் என்னவென்றே தெரியாது. என்விடியாவின் சில பழைய அட்டைகளில் மதர்போர்டிலிருந்து ஒரு சின்ன இரட்டை ஒயரை இழுத்து வந்து அட்டையில் செருக வேண்டும். ஏ.டி.ஐ 2007-ல் தன் ரேடியான் எச்.டி 2000 வரிசையில் ஒலிக்கான சிப்பையே அட்டைக்குள் வைத்துவிட்டது. ஒயர் ஒழிந்தது. ஆனால் அதன் விளைவாக, இயங்குதளத்தின் கண்ணுக்கு எச்.டி.எம்.ஐ என்பது இன்னொரு சவுண்ட் கார்டு ஆனது. ஸ்பீக்கரும் ஹெட்ஃபோனும் ஒரே கார்டின் இரண்டு வாசல்கள். எச்.டி.எம்.ஐ வேறு வீடு. வாசல் மாறுவது வேறு, வீடு மாறுவது வேறு.

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் (2001) ஒரு நிரல் எந்தக் கார்டைத் திறந்ததோ அதோடுதான் கடைசிவரை. மாற்ற வேண்டுமென்றால் பிளேயரை மூடிவிட்டு மறுபடி திறக்க வேண்டும். 2007-ல் விஸ்டாவில் ஒலி அமைப்பை அடியோடு மாற்றி எழுதினார்கள். அப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் பாட்டை நடுவழியில் வேறு கார்டுக்கு ஏற்றும் வசதி வரவில்லை. அது 2009-ல் விண்டோஸ் 7-ல்தான் வந்தது.

அதே விண்டோஸ் 7-ல் வந்த இன்னொரு வசதியைப் பலர் அறிவார்கள். விண்டோஸ் விசையோடு 'பி' அழுத்தினால் ஒரு சின்னப் பெட்டி வரும்: கணினியில் மட்டும், இரண்டிலும் ஒரே படம், இரண்டையும் சேர்த்து ஒரே பெரிய பரப்பு, புரொஜக்டரில் மட்டும். படத்துக்கு நான்கு வழி காட்டி, எது வேண்டும் என்று பணிவாகக் கேட்டார்கள். சத்தத்துக்கு அந்தப் பெட்டியில் ஒரு வரிகூட இல்லை! அங்கேயே ஐந்தாவதாக ஒரு கேள்வி கேட்டிருந்தால் உலகத்தில் பாதிப் புலம்பல் குறைந்திருக்கும்.

ஆப்பிள் வேறு வழியில் போனது. 2008-ல் வந்த அதன் 24 அங்குல சினிமா டிஸ்ப்ளேயில் கேபிளின் நுனி மூன்றாகப் பிரியும்: ஒன்று சார்ஜ் செய்ய, ஒன்று படத்துக்கு, ஒன்று யூ.எஸ்.பி. மானிட்டரில் இருந்த ஸ்பீக்கர்களுக்கு ஒலி யூ.எஸ்.பி வழியாகப் போனது. அந்த மேக் லேப்டாப்களின் மினி டிஸ்ப்ளேபோர்ட்டில் ஒலி வரவில்லை, 2010 மாடல்களில்தான் வந்தது.

லினக்ஸ் உலகத்தில்தான் இந்த விஷயம் வெட்டவெளியில் நடந்தது. அதனால் கதையும் அங்கேதான் முழுசாகக் கிடைக்கிறது.

முதலில் எதுவும் தானாக மாறாது. ஆகவே பயனர்களே ஸ்கிரிப்ட் எழுதினார்கள். கேபிள் செருகினாலும் பிடுங்கினாலும் கர்னல் ஒரு செய்தி அனுப்பும். அந்தச் செய்தி வந்ததும் 'யூடெவ்' ஒரு ஸ்கிரிப்டை ஓட்டும். ஸ்கிரிப்ட் ஒரு கோப்பைத் திறந்து பார்க்கும், 'இணைக்கப்பட்டது' என்றிருந்தால் ஒலியை எச்.டி.எம்.ஐ-க்குத் திருப்பும். நான்கைந்து வரிதான். ஆனால் எழுதிய கிட்டத்தட்ட எல்லோரும் ஒரே பள்ளத்தில் விழுந்தார்கள். யூடெவ் ஓட்டும் ஸ்கிரிப்ட் ரூட் என்ற நிர்வாகியின் பெயரில் ஓடும். ஒலி சர்வரோ லாகின் செய்திருக்கும் பயனருக்குச் சொந்தம். நிர்வாகியே வந்து கதவைத் தட்டினாலும் பயனரின் ஒலி சர்வர் திறக்காது! யார் லாகின் செய்திருக்கிறார்கள் என்று கண்டுபிடித்து, அவர் வேஷத்தில் போய்த்தான் கட்டளை கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகும் புதிதாகத் தொடங்கும் பாட்டு மட்டும் டிவிக்குப் போகும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதை ஒவ்வொன்றாகக் கைப்பிடித்து அழைத்துப்போக வேண்டும்.

2013-ல் இன்டெலின் ஹேஸ்வெல் சிப் வந்தபோது வேறொரு வேடிக்கை. அதில் எச்.டி.எம்.ஐ ஒலிக்குத் தனிக் கட்டுப்பாட்டுச் சிப். பல கணினிகளில் லினக்ஸ் அதைப் பூஜ்யமாவது கார்டு என்று எண்ணியது. சாதாரண ஸ்பீக்கர் ஒன்றாவது கார்டு ஆகிவிட்டது. வேறு ஏற்பாடு செய்யாவிட்டால் லினக்ஸ் பூஜ்யத்தில்தான் பாடும். விளைவு, கேபிளே செருகாத கணினியிலும் சத்தம் இல்லாத எச்.டி.எம்.ஐ-க்குப் போய்ச் சேர்ந்தது.

இதற்கிடையே 2004-ல் லென்னார்ட் பாட்டரிங் தொடங்கிய பல்ஸ்ஆடியோ என்ற ஒலி சர்வர் பரவியிருந்தது. ஃபெடோரா 8-லும் (2007), உபுண்டு 8.04-லும் (2008) அதுதான் இயல்பான தேர்வு. 2012 மே மாதம் அதன் 2.0 பதிப்பு வந்தது. ஜாக்கில் பிளக் இருப்பதை உணரும் வசதி அதில் சேர்ந்தது. அதன் தொடர்ச்சியாக எச்.டி.எம்.ஐ கேபிள் செருகினால் ஒலி தானாக அங்கே போவதும் வழக்கமாயிற்று. ஸ்கிரிப்ட் எழுதித் தவித்தவர்கள் கேட்டது கிடைத்துவிட்டது.

கிடைத்ததும் எதிர்ப்பக்கத்திலிருந்து புகார் வந்தது. நல்ல ஸ்பீக்கர் மாட்டியிருக்கிறேன், மானிட்டரைச் செருகியதும் பாட்டு நின்றுவிட்டது. மானிட்டரில் ஸ்பீக்கர் இல்லை, ஆனால் இருக்கிறது என்று கணினி சாதிக்கிறது. மானிட்டரில் ஸ்பீக்கர் இருக்கிறது, ஆனால் தகர டப்பா மாதிரி ஒலிக்கிறது. ஹெட்ஃபோனுக்கு நூற்றாண்டாகச் சரியாக இருந்த விதியை மானிட்டருக்கு அப்படியே மாட்டியதால் வந்த வினை. டிவியோடு இணைக்கிறவருக்கு அது சரி. மேஜையில் இரண்டாவது மானிட்டர் வைத்துக்கொள்கிறவருக்கு அது தொல்லை. கேபிள் ஒன்றுதான், 19-வது ஊசி சொல்கிற சேதியும் ஒன்றுதான்.

2020 நவம்பரில் பல்ஸ்ஆடியோ 14.0 வெளிவந்தபோது எச்.டி.எம்.ஐ-க்குத் தானாக மாறும் பழக்கத்தை இயல்புநிலையில் நிறுத்திவிட்டார்கள். பெரும்பாலானோர் விரும்புவது அது இல்லை என்பதுதான் காரணம். வேண்டுமென்கிறவர் தானே மாற்றிக்கொள்ளலாம். ஒரு மென்பொருள் திட்டம் கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்ட புத்திசாலித்தனத்தைத் தானே கழற்றி வைப்பது அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை. நேர்மையான முடிவு என்றே சொல்ல வேண்டும்.

இந்த விஷயத்தில் கைபேசிக்காரர்கள் ஆரம்பத்திலேயே தெளிவாக இருந்தார்கள். செருகுவதும் பிடுங்குவதும் ஒன்றின் மறுபக்கம் மற்றொன்று இல்லை என்பதைப் பிடித்துக்கொண்டார்கள். ஆப்பிள் தன் நிரலாளர்களுக்குச் சொன்ன விதி இது: ஹெட்ஃபோனைச் செருகினால் பாட்டு தொடரட்டும், பிடுங்கினால் நிறுத்திவிடு. ஆண்ட்ராய்டில் ஹெட்ஃபோன் கழன்றதும் எல்லா நிரல்களுக்கும் ஓர் அறிவிப்பு போகும். அதன் பெயரே 'ஒலி இரைச்சலாகப் போகிறது' என்ற பொருள் தருவது. கேட்டதும் பிளேயர் வாயை மூடிக்கொள்ள வேண்டும். பேருந்தில் ஒயர் இழுபட்டுக் கழன்றால் பாட்டு நிற்கிறதே, அது இதனால்தான். சத்தம் கேட்காமல் போனால் எரிச்சல், அவ்வளவுதான். கேட்கக் கூடாதவர் காதில் விழுந்தால் மானம் போகும். இரண்டுக்கும் ஒரே எடை போடக் கூடாது.

கணினியில் அந்த எச்சரிக்கை அவ்வளவாக வரவில்லை. டிவியிலிருந்து கேபிளைப் பிடுங்கினால் ஒலி சட்டென்று லேப்டாப் ஸ்பீக்கருக்குத் திரும்பும், பெரும்பாலும் நிற்காமலே. மருத்துவமனை வரவேற்பறையிலோ நூலகத்திலோ உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும் என்பது கேபிளுக்குத் தெரியாது.

2021 ஏப்ரலில் ஃபெடோரா 34, பல்ஸ்ஆடியோவுக்குப் பதிலாக பைப்வயரை இயல்பான ஒலி சர்வராக எடுத்துக்கொண்டது. விம் டேமன்ஸ் தொடங்கிய திட்டம் அது. அதனோடு ஓடும் வயர்ப்ளம்பர் என்ற நிரல் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முன்னுரிமை எண் போடுகிறது. பயனர் ஒருமுறை கையால் தேர்ந்தெடுத்தால் அதை நினைவில் வைத்துக்கொண்டு, அந்தக் கருவி மறுபடி வரும்போது அதற்கே போகிறது. ஊகிப்பதைக் குறைத்து, சொன்னதை மறக்காமல் இருக்கும் வழி.

அப்படியும் ஒரு தொந்தரவு தீரவில்லை. சில மானிட்டர்கள், குறிப்பாக டிஸ்ப்ளேபோர்ட்டில் இணைப்பவை, தூங்கப் போகும்போது 'இருக்கிறேன்' என்ற அந்தச் சமிக்ஞையையும் சேர்த்தே அணைத்துவிடுகின்றன. கேபிளை யாரும் தொடவில்லை. ஆனால் கணினிக்கு அது பிடுங்கப்பட்ட மாதிரியே தெரிகிறது. பாட்டு லேப்டாப் ஸ்பீக்கருக்குத் தாவுகிறது. மவுசைத் தொட்டு மானிட்டரை எழுப்பினால் கணினியைப் பொறுத்தவரை புதிதாக ஒரு திரை வந்து சேர்ந்திருக்கிறது, ஜாதகம், மூன்று பைட் என்று எல்லாம் முதலிலிருந்து தொடங்குகிறது.